ஏழு வருஷம் கழித்து முதல் பீர்: எதில் தொடங்குவது?

வாசகர் கேள்வி:

சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவது எனக்குப் பெரிய பொழுதுபோக்கு. மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, பையில் கட்டி ஊறப்போட்டுச் செய்யும் முறைதான். அதிகம் போட்டது பேல் ஏல், அது அலுத்தும்விட்டது. ஓய்வு பெற்றதும் பூர்வீக வீட்டைப் பழுது பார்க்கக் காரைக்குடிக்கு வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன். ஏழு வருஷமாகக் கை தொடவில்லை. வரும் மாசியில் மகன் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் இருக்கப் போகிறேன். பானை, பக்கெட், பாட்டில் எல்லாம் அவன் வீட்டு ஸ்டோர் ரூமில் கிடக்கின்றன. குறிப்பு நோட்டும் தெர்மாமீட்டரும் மட்டும் என்னிடம் இருக்கின்றன. பில்ஸ்னர், டபுள் ஐபிஏ, நம் ஊர்க் கறுப்புக் கவுணி அரிசி போட்ட இம்பீரியல் ஸ்டவுட் என்று மூன்று மனதில் ஓடுகின்றன. சித்திரையில் மகன் வீட்டில் ஒரு விருந்து. அதில் என் பீரை ஊற்ற ஆசை. எதில் தொடங்கட்டும்? கை பழகுவதற்குக் காரைக்குடியிலேயே கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கலாமா?

பதில்:

அண்ணே, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் வேண்டாம். ஒரு பாட்டில் அளவுகூட வேண்டாம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ஆம் வருஷத்தது, இன்றும் நடப்பில் இருக்கிறது. தெருவுக்குத் தெரு டாஸ்மாக் இருப்பதால் பலருக்கு இது நினைவில் நிற்பதில்லை. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது அந்தச் சட்டப்படி குற்றம். தயாரிப்பதற்கென்று பாத்திரம், பண்டம் வைத்திருப்பதும் குற்றம். பீரும் அதில் அடக்கம். நமக்கு நாமே குடிக்கத்தானே என்ற வாதம் அங்கே எடுபடாது. சாமான்களைச் சிங்கப்பூரிலேயே விட்டு வந்தது நல்ல காரியம்.

அங்கே கதை வேறு. வீட்டில் பீர் காய்ச்சிக்கொள்ளச் சிங்கப்பூர் அனுமதிக்கிறது. 18 வயது ஆகியிருக்க வேண்டும், வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, விற்கக் கூடாது, காய்ச்சி வடித்துச் சாராயமாக்கக் கூடாது. இப்போது அது மகன் வீடு, நீங்கள் விருந்தாளி. அதனால் அங்குள்ள சுங்கத்துறை போட்டிருக்கும் நிபந்தனைகளை மகனை ஒருமுறை படிக்கச் சொல்லிவிட்டு, அவரையும் கூட வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

சரி, எதைப் போடுவது? மூன்றில் எதையும் முதலில் போட வேண்டாம் என்பதே என் பதில். உங்களுக்கு அலுத்துப்போன அந்தப் பேல் ஏலையே போடுங்கள்.

காரணம் இருக்கிறது. பெங்களூரில் பீர் காய்ச்சுவதே என் தொழில். ஒரு புதுக் கூடத்தில் வேலை தொடங்கும்போது முதலில் போடுவது எப்போதும் எங்களுக்கு அத்துப்படியான ஒரு சாதா பீர்தான். பாத்திரம் என்ன சூட்டில் நிற்கிறது, எவ்வளவு ஆவியாகிறது, தண்ணீர் என்ன செய்கிறது என்பதெல்லாம் பழகிய ருசியில்தான் பிடிபடும். ஏழு வருஷம் விட்ட கைக்கும், ஏழு வருஷம் பெட்டியில் கிடந்த சாமானுக்கும் அதே கதைதான். ருசி எங்கே இடறுகிறது என்று கண்டுபிடிக்க, இடறாத ருசி எப்படி இருக்கும் என்பது நாக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு அது பேல் ஏலில் தெரியும். மற்ற மூன்றில் இன்னும் தெரியாது.

பில்ஸ்னரை ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம். பத்து, பன்னிரண்டு டிகிரியில் நொதித்து, அப்புறம் உறைநிலைக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டிய பீர் அது. அதற்கென்று தனி ஃப்ரிட்ஜ் வேண்டும். மருமகள் கறிகாய் வைக்கும் ஃப்ரிட்ஜில் இடம் கேட்காதீர்கள்.

டபுள் ஐபிஏவுக்கு ஹாப்ஸ், அதாவது பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூ, வாங்கும் செலவே எக்கச்சக்கம். அதைவிடப் பெரிய விஷயம் காற்று. நொதித்து முடிந்த பீரில் காற்று கலந்தால் இந்த வகைதான் முதலில் கெடும். நிறம் பழுப்பாகும், வாசம் போய் ஈர அட்டையின் ருசி வரும். பக்கெட்டிலிருந்து பாட்டிலுக்குச் சலசலப்பில்லாமல் மாற்றுவது முழுக்கக் கைப்பழக்கம். அந்தப் பழக்கம் திரும்பி வரட்டும்.

ஸ்டவுட்டுக்குத் தடை காலம். தண்ணீரை 1 என்று வைத்தால் 1.090-க்கு மேல் அடர்த்தியில் தொடங்கும் பீர் பதமாக நாலைந்து மாதமாவது பிடிக்கும். அது குடிக்கிற பக்குவத்துக்கு வரும்போது நீங்கள் காரைக்குடிக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். ருசி சரியில்லை என்றாலும் எந்தக் கட்டத்தில் பிசகியது என்று ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடிக்க முடியாது. வறுத்த மால்ட்டின் கசப்பு சின்னச் சின்னக் கோளாறுகளை மூடி மறைத்தும்விடும்.

இனி பேல் ஏலுக்கு வருவோம். பழைய ரெசிபியில் நாலைந்து வகை மால்ட் இருந்தால் அதையும் குறைத்துவிடுங்கள். ஒரே மால்ட், ஒரே ஹாப்ஸ். அளவு 10 லிட்டர். அடுக்குமாடி வீட்டு கேஸ் அடுப்பில் அதற்கு மேல் தளதளவென்று கொதிக்க வைப்பது சிரமம், சொதப்பினாலும் நஷ்டம் சின்னது. 20 லிட்டர் பானை போதும்.

16 லிட்டர் தண்ணீரை 68 டிகிரிக்குச் சூடாக்கி, பையில் கட்டிய 2.2 கிலோ பேல் மால்ட்டை இறக்கினால் சூடு 66-இல் வந்து நிற்கும். மால்ட்டைக் கடையிலேயே உடைத்து வாங்கிக்கொள்ளுங்கள். பானையைப் போர்வையால் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பையைத் தூக்கி வடியவிட்டு, அப்புறம் ஒரு மணி நேரம் கொதி. ஹாப்ஸுக்குக் காஸ்கேட் வாங்குங்கள். பழைய ரகம், எங்கும் கிடைக்கும், பம்ப்ளிமாஸ் தோல் மாதிரி ஒரு வாசம். கொதி தொடங்கும்போது 15 கிராம், முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது 10 கிராம், அடுப்பை அணைத்ததும் 15 கிராம். பாக்கெட்டில், கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் ஆறு சதவீதத்தை ஒட்டிப் போட்டிருந்தால் இந்த அளவு சரி. மிகவும் கூடக் குறைய இருந்தால் முதல் 15 கிராமை மட்டும் அதற்கேற்ப மாற்றுங்கள். தொடக்க அடர்த்தி 1.046 பக்கம் வரும், முடிவில் 1.011 வாக்கில் நிற்கும், ஆல்கஹால் நாலரை சதவீதம் சொச்சம்.

அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.040 காட்டினாலும் கலங்க வேண்டாம், சர்க்கரை போட்டு ஏற்றவும் வேண்டாம். நோட்டில் எழுதுங்கள். அந்தக் குறைவுதான் அடுத்த முறை மால்ட்டை எவ்வளவு கூட்டுவது என்று சொல்லும்.

ஒன்றே ஒன்றை மட்டும் பழைய வழக்கத்திலிருந்து மாற்றச் சொல்வேன்: ஈஸ்ட். அந்த நாளில் நீங்கள் அமெரிக்க ஏல் ஈஸ்ட்டைப் போட்டு ஏசி அறையில் வைத்திருப்பீர்கள். 20 டிகிரி வாக்கில் அது சுத்தமாக வேலை செய்யும். 30-இல் விட்டால் நெயில் பாலிஷ் வாடையும் மறுநாள் தலைவலியும்தான் மிச்சம். உங்கள் நோட்டு மூடிக் கிடந்த இந்த வருஷங்களில் நம்மைப் போன்ற வெக்கை ஊர்க்காரர்களுக்கு ஒரு நல்லது நடந்திருக்கிறது. நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காய வைத்துப் பாதுகாத்து வந்த க்வைக் என்ற ஈஸ்ட் இப்போது பாக்கெட்டில் கிடைக்கிறது. அதில் வோஸ் என்ற வகையை வாங்குங்கள். அதற்கு உகந்த சூடு 35 முதல் 40 டிகிரி. 30-லும் சொகமாக வேலை செய்யும். குளிர் நாட்டில் பிறந்த ஈஸ்ட் வெக்கையைக் கேட்கிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இதனால் ஏசி மிச்சமாவது சின்ன லாபம். பெரிய லாபம் ஆற வைப்பதில் இருக்கிறது. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் வரும். கொதித்த மால்ட் சாற்றை அதை வைத்து 20 டிகிரிக்கு இறக்க முடியாது. முன்பெல்லாம் ஐஸ் மூட்டை வாங்கிப் போட்டு அல்லாடியிருப்பீர்கள். சாறு ஆறுகிற அந்த நேரத்தில்தான் வேண்டாத கிருமி ஏறும். வோஸ் போடுவதென்றால் 35-க்கு வந்தாலே போதும். பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பானையை இறக்கி, சூடேறிய தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றினால் காரியம் முடிந்தது. ஏழு வருஷம் கழித்துச் செய்யும் முதல் நாளில் பதற்றமான ஒரு வேலை இப்படிக் குறைவது பெரிய விஷயம்.

ஈஸ்ட் 10 லிட்டருக்கு 5 கிராமிலிருந்து 10 கிராம் வரை போடலாம். இந்த ஈஸ்ட்டுக்குச் சத்து கொஞ்சம் அதிகம் வேண்டும். ஈஸ்ட் நியூட்ரியண்ட் என்று விற்பதில் கால் டீஸ்பூனைக் கொதியின் கடைசிப் பத்து நிமிஷத்தில் சேர்த்துவிடுங்கள். மூன்று நான்கு நாளில் பொங்கி அடங்கிவிடும். அடங்கியதும் பாட்டிலைத் தேடாதீர்கள். ஒரு வாரம் முழுக்க விடுங்கள். லேசாக ஆரஞ்சு வாசம் எழும். காஸ்கேட்டுக்கும் அதற்கும் நல்ல பொருத்தம்.

கடைக்காரர் சேசோன் என்ற பெல்ஜிய வகை பீரின் ஈஸ்ட்டும் வெக்கையைத் தாங்கும் என்பார். தாங்கும்தான். ஆனால் அதில் பல வகை மாவுச்சத்தின் மிச்சத்தையும் விடாமல் தின்று, பாட்டிலுக்குள் போன பிறகும் வாயுவை ஏற்றிக்கொண்டே இருக்கும். பாட்டில் வெடிப்பது விளையாட்டில்லை. முதல் முறை வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீரில் பழகிய நாக்கு உங்களுடையது. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரும் நல்ல தண்ணீர்தான், ஆனால் அதில் குளோரமின் கலக்கிறார்கள். சாதாக் குளோரின் மாதிரி அது கொதியில் போய்விடாது. மால்ட்டோடு சேர்ந்தால் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி வாடை வரும். குளோரமினை முறிக்கும் கேம்ப்டன் மாத்திரையில் கால் துண்டை நுணுக்கி அந்த 16 லிட்டரிலும் முதலிலேயே கலக்கிவிட்டால் சில நிமிஷத்தில் தீர்ந்தது. மால்ட் சாறாகவே டின்னில் விற்கிறார்களே, அதை வாங்கலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். வாங்கலாம், தப்பில்லை, ஆனால் மால்ட்டை ஊறப்போடும் கைதான் உங்களுக்குத் திரும்ப வேண்டியது.

சாமான்களைப் பெட்டியைத் திறந்ததும் இரண்டாகப் பிரியுங்கள். எவர்சில்வரும் கண்ணாடியும் ஒரு பக்கம், பிளாஸ்டிக்கும் ரப்பரும் ஒரு பக்கம். முதல் பக்கத்தைச் சுடுதண்ணீர் விட்டுத் தேய்த்தால் புதுசு. இரண்டாவதை மொத்தமாகத் தூக்கிப் போட மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ரப்பர் குழாய் வெடித்துப் பிசுபிசுத்திருக்கும். பக்கெட்டின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: மயிரிழை மாதிரிக் கீறல்கள் தெரியும். எந்தக் கிருமிநாசினியும் அந்த இடுக்குக்குள் முழுதாகப் போகாது. குழாய்த் திருகைக் கழற்றி வாஷரை மோந்து பாருங்கள். புளிச்ச வாடை வந்தால் திருகோடு மாற்றிவிடுங்கள். பக்கெட், குழாய், வாஷர் எல்லாம் சேர்த்தும் கெட்டுப்போகிற ஒரு பீரின் மனக்கஷ்டத்துக்கு ஈடாகாது. மிச்சம் இருக்கும் பழைய மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் எதையும் உபயோகிக்காதீர்கள். பழைய ஹாப்ஸில் கெட்ட சீஸ் நாற்றம் அடிக்கும்.

பாட்டில் பழுப்பு நிறமாக இருக்கட்டும். பச்சையும் வெள்ளையும் வெளிச்சத்தை உள்ளே விட்டு ஹாப்ஸ் வாசத்தைக் கெடுத்துவிடும். பாட்டிலில் அடைக்குமுன் ஹைட்ரோமீட்டரை மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். எண் அசையாமல் இருந்தால்தான் அடைக்கலாம். 10 லிட்டருக்கு 65 கிராம் வெள்ளைச் சர்க்கரை, கொஞ்சம் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றுங்கள். கண்ணளவு வேண்டாம், தராசில் நிறுங்கள். இரண்டு வாரம் அறைச் சூட்டில் இருந்துவிட்டு ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும்.

மாசி வரை காரைக்குடியில் செய்வதற்கு வேலை இல்லாமல் இல்லை. உங்கள் கையில் இருக்கும் தெர்மாமீட்டரைச் சோதியுங்கள். எவர்சில்வர் டம்ளரில் ஐஸை நொறுக்கி நிரப்பி, இடுக்கு அடையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, இரண்டு நிமிஷம் கலக்கிக்கொண்டே முனையை நடுவில் பிடியுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். அப்புறம் பாத்திரத்தில் தண்ணீர் குதித்துக் கொதிக்கும்போது, அடியில் படாமல் முனையை நிறுத்துங்கள். காரைக்குடி கடல் மட்டத்துக்கு மேல் அதிக உயரமில்லை. நூறை ஒட்டித்தான் காட்ட வேண்டும். இரண்டு டிகிரி பிசகினாலே மால்ட் ஊறும் சூடு 66-க்குப் பதில் 64 ஆகவோ 68 ஆகவோ போய், பீர் வறண்டோ தித்தித்தோ போகும். பிசகு இருந்தால் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள், அல்லது அங்கே போய்ப் புதுசு வாங்குங்கள்.

நோட்டையும் பட்டாலையில் நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். ரெசிபியை விட்டுவிட்டு, ஓரத்தில் கிறுக்கிய குறிப்புகளைப் பாருங்கள். "பை கிழிந்தது", "ஆற நேரமானது" என்று எழுதியிருப்பீர்கள் அல்லவா? எந்த இடத்தில் உங்கள் கை வழக்கமாகத் தடுமாறும் என்பதை அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

சித்திரை விருந்தைப் பற்றி. மாசி நடுவில் காய்ச்சினால் பங்குனி நடுவில் பாட்டில் தயாராகிவிடும், கணக்கு இடிக்கவில்லை. ஆனாலும் முதல் பீரை விருந்தோடு முடிச்சுப் போட வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். தேதி நெருக்கினால் நொதித்து முடியுமுன் அடைக்கத் தோன்றும். முதல் பீரை நீங்களும் மகனும் மட்டும் குடியுங்கள். முதல் பீர் அடங்கிய கையோடு அதே ரெசிபியை இன்னொரு முறை போடுங்கள். அதை விருந்துக்கு வையுங்கள். இரண்டும் சேர்ந்து 20 லிட்டர், மாத வரம்புக்குள்தான்.

கடைசியாகக் கவுணி அரிசி. இந்த எண்ணம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பர்மாவுக்கு வியாபாரத்துக்குப் போனவர்கள் நம் ஊருக்குக் கொண்டுவந்த அரிசி, இனிப்பாகக் கல்யாணப் பந்தியில் வருவது, பீரிலும் வரட்டும். ஆனால் ஸ்டவுட்டில் போட்டால் வீண். வறுத்த மால்ட்டின் கறுப்பில் கவுணியின் நிறமும் தெரியாது, மணமும் தெரியாது. பேல் ஏல் கைக்கு வந்த பிறகு, அதே ரெசிபியில் மால்ட்டை 1.9 கிலோவாகக் குறைத்து, 400 கிராம் கவுணி சேருங்கள். அரிசியை அப்படியே பையில் கொட்டினால் எதுவும் இறங்காது. அதன் மாவு 66 டிகிரியில் சரியாக இளகாது, மாவைச் சர்க்கரையாக்கும் நொதியும் அரிசியில் இல்லை. அது மால்ட்டிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் குக்கரில் குழைய வேக வைத்து, ஊறிய தண்ணீரையும் கொட்டாமல் சேர்த்து மசித்துக்கொள்ளுங்கள். மால்ட்டோடு கலக்கும்போது சூடு 66-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கஞ்சி சூடாக இருந்தால் பானைத் தண்ணீரைக் கொஞ்சம் குறைந்த சூட்டில் வைத்து ஈடுகட்டலாம். அரிசி பையை அடைத்துக்கொள்ளும். பிழியாமல், பொறுமையாக வடிய விடுங்கள். கவுணியின் நிறம் புளிப்பைப் பார்த்தால் சிவப்புப் பக்கம் சாயும் சாதி, பீரோ புளிப்புள்ள பானம். அதனால் கறுப்பை எதிர்பார்க்காதீர்கள். நாளாக மங்கவும் செய்யும், ஆகவே சீக்கிரம் குடிக்க வேண்டிய பீர். ஹாப்ஸில் கடைசி 15 கிராமை இதில் விட்டுவிடுங்கள், அரிசியின் மணத்தை அது அமுக்கிவிடும்.

கவுணியை இங்கிருந்து சுமக்கவும் வேண்டாம். மலாய்க்காரர்கள் கஞ்சி காய்ச்சும் புளுட் ஹித்தாம் என்ற கறுப்பு ஒட்டரிசி சிங்கப்பூர்க் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். கிட்டத்தட்ட நம் கவுணியேதான். அரைக் கிலோ வாங்கினால் பீருக்குப் போக மீதியில் மருமகள் பேரப்பிள்ளைகளுக்குத் தேங்காய் துருவிப் போட்டு இனிப்பும் கிண்டிக் கொடுக்கலாம்.